வண்டியின் நாடி

நுழையும்முன்

நோயாளியின் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து, வாதம், பித்தம், கபம் ஆகிய மூன்றின் நடையையும் கணிப்பது சித்த மருத்துவரின் நாடிப் பரிசோதனை. இன்றைய மகிழுந்துக்கும் அத்தகைய நாடி ஒன்று உண்டு. அது ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால், டாஷ்போர்டின் அடியில், பதினாறு துளைகள் கொண்ட சிறிய இணைப்பியாக ஒளிந்திருக்கிறது. அதைப் பிடித்துப் பார்க்கும் கருவிகள் இன்று கடைத்தெருவிலும் இணைய அங்காடியிலும் சில நூறு ரூபாய் முதல் லட்ச ரூபாய் வரை பல விலைகளில் கிடைக்கின்றன. வீட்டில் ஒரு வண்டி வைத்திருப்பவர் அவற்றுள் எதனைத் தேர்வது, அது சொல்வதை எவ்வளவு நம்புவது என்பவற்றை ஏற்காட்டு மலைச்சாலையை முன்வைத்து விளக்குகிறது இப்பாடம்.

மலைச்சாலையில் ஒரு மஞ்சள் விளக்கு

சேலம் நகரிலிருந்து வடகிழக்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தொலைவில் சேர்வராயன் மலைமீது அமைந்துள்ளது ஏற்காடு. மலையடிவாரத்தைக் கடந்ததும் சாலை வளைந்து வளைந்து ஏறத் தொடங்குகிறது. 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் ஏரிக்கரையை அடைகிறது. காப்பித் தோட்டங்களும், மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்களும் வருவோருக்குக் கண்கொள்ளாக் காட்சி. வண்டிக்கோ இது தேர்வுக்களம். சமவெளியில் மாதக்கணக்கில் மறைந்திருக்கும் சிறுபழுதும் இரண்டாம் கியரில் முழுச்சுமையோடு ஏறும்போது வெளிப்பட்டுவிடும்.

ஏற்காட்டில் குடியிருக்கும் ஆசிரியை ஒருவர், வாரந்தோறும் சேலத்திற்கு இறங்கி ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரிடம் இருப்பது 2018ஆம் ஆண்டில் வாங்கிய நான்கு சிலிண்டர் பெட்ரோல் மகிழுந்து. ஒருநாள் பன்னிரண்டாம் வளைவில் வண்டி விக்கித் தடுமாறியது, பின்பு சீரானது. மறுவாரம் அதே இடத்தில் மீண்டும் விக்கியது. இம்முறை எஞ்சினின் உருவம் பொறித்த மஞ்சள் விளக்கொன்று ஒளிர்ந்து, அணையாமல் நின்றுவிட்டது. ஊர் வந்து சேர்ந்தவருக்கு மூன்று வழிகள் தென்பட்டன. விளக்கைப் பொருட்படுத்தாமல் ஓட்டலாம். சேலத்துப் பணிமனைக்கு வண்டியைக் கொண்டுபோய் ஒருநாள் விடுப்பையும் அவர்கள் கேட்கும் தொகையையும் செலவிடலாம். அல்லது அந்த விளக்கு என்ன சொல்கிறது என்பதைத் தாமே படித்தறியலாம்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் முதலில் அறியவேண்டிய வேறுபாடு ஒன்றுண்டு. மஞ்சள் விளக்கு நிலையாக ஒளிர்ந்தால், பழுது பதிவாகியுள்ளது என்று பொருள். வண்டியைப் பதற்றமின்றி ஓட்டி வீடு சேரலாம். அதே விளக்கு விட்டுவிட்டு மின்னினால் நிலைமை வேறு. சிலிண்டரில் எரியாத பெட்ரோல் புகைக்குழாய் வழியே வினையூக்கி மாற்றியை அடைந்து அங்கே எரிகிறது என்பதே அந்த மின்னலின் பொருள். அந்த வெப்பத்தில் மாற்றியின் உட்பகுதி உருகிப்போகும். அதனை மாற்றுவது பெருஞ்செலவு. ஆகவே உடனே வேகத்தைக் குறைத்து, சுமையைத் தணித்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்துவதே முறை. எண்ணெய் அழுத்தத்தையும் எஞ்சின் வெப்பத்தையும் காட்டும் சிவப்பு விளக்குகள் எரிந்தாலோ எந்தக் கருவியையும் தேடிக்கொண்டிருத்தல் ஆகாது. எஞ்சினை அப்போதே நிறுத்தவேண்டும்.

விளக்கு பிறந்த கதை

இந்த மஞ்சள் விளக்கு மனிதரின் வசதிக்காகப் பிறந்ததன்று. காற்றின் நலனுக்காகப் பிறந்தது. 1940களில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரைப் பழுப்புநிறப் புகைமூட்டம் சூழ்ந்தது. மக்களின் கண்கள் எரிந்தன, பயிரிலைகள் கருகின. அப்போது கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தில் அன்னாசிப்பழத்தின் மணத்திற்குக் காரணமான வேதிப்பொருள்களை ஆராய்ந்துகொண்டிருந்தார் ஹாகன் ஸ்மித் என்னும் டச்சு நாட்டு அறிவியலாளர். பழத்தின் மணத்தைப் பிரித்தறியும் அதே முறையால் நகரின் காற்றையும் அவர் பிரித்தறிந்தார். வண்டிகளின் புகையில் உள்ள ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்தே அப்புகைமூட்டம் உண்டாகிறது என்பது தெளிவாயிற்று. பின்னாளில் கலிபோர்னியக் காற்றுவள வாரியத்தின் முதல் தலைவரும் அவரே ஆனார்.

புகையைக் கட்டுப்படுத்தும் உறுப்பு பழுதானால் வண்டி ஓடத்தான் செய்யும். ஓட்டுநருக்கு எதுவும் தெரியாது. எனவே வண்டியே தன்னைச் சோதித்துப் பழுதை அறிவிக்கவேண்டும் என்ற விதியை அவ்வாரியம் 1988ஆம் ஆண்டு வண்டிகளிலிருந்து நடைமுறைப்படுத்தியது. எனினும் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் இணைப்பியையும் தனக்கென ஒரு குறியீட்டு மொழியையும் வைத்துக்கொண்டதால் குழப்பமே மிஞ்சியது. 1996 முதல் அமெரிக்காவில் விற்கப்படும் எல்லா மகிழுந்துகளுக்கும் ஒரே வடிவ இணைப்பியும் பொதுவான குறியீடுகளும் கட்டாயமாயின. ஐரோப்பா 2001இல் பெட்ரோல் வண்டிகளுக்கு இதனைப் பின்பற்றியது.

இந்தியாவில் பாரத் நிலை 4 விதிகளுக்கு உட்பட்ட மகிழுந்துகளுக்கு 2010 ஏப்ரலில் தன்னாய்வு அமைப்பின் முதற்கட்டமும், 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமும் கட்டாயமாயின. கருவி வாங்குவோர் கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்று இங்கு உண்டு. நிலை 4 விதிகள் தொடக்கத்தில் சென்னை உள்ளிட்ட 13 நகரங்களில்தான் நடைமுறைக்கு வந்தன. நாடு முழுமைக்கும் அவை 2017 ஏப்ரலில்தான் விரிந்தன. ஆகவே இடைப்பட்ட ஆண்டுகளில் பிற ஊர்களில் வாங்கிய வண்டி நிலை 3ஐச் சேர்ந்ததாகவும் இருக்கலாம். அதில் பதினாறு துளை இணைப்பி இருந்தாலும் பொதுக்கருவியோடு அது பேசுமென்ற உறுதியில்லை. 2020 ஏப்ரலில் நிலை 6 நடைமுறைக்கு வந்தபின் வாங்கிய வண்டிகளில் இந்த ஐயத்திற்கே இடமில்லை.

இவற்றுக்கு முந்தைய வண்டிகளுக்குக் கருவி எதுவும் தேவைப்படவில்லை. 1983இல் வெளிவந்த மாருதி 800 வண்டியில் பெட்ரோலையும் காற்றையும் கலந்தது கார்புரேட்டர். திருப்புளியின் முனையை எஞ்சின்மீதும் பிடியைக் காதிலும் வைத்து, உள்ளே எழும் ஒலியைக் கொண்டே பழுதைச் சொல்லிவிடும் மெக்கானிக்குகள் ஊர்தோறும் இருந்தனர். தமிழகத்தில் அந்தத் தலைமுறைக்கு முன்னோடியாக நின்றவர் கோவையின் ஜி. டி. நாயுடு. ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்த இளைஞர், உணவகத்தில் வேலை செய்து பணம் சேர்த்து அந்த வண்டியையே விலைக்கு வாங்கினார். வாங்கியதும் அதனைப் பகுதி பகுதியாகக் கழற்றி மீண்டும் பூட்டிப் பார்த்தார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கிய அவருடைய தொழில்வாழ்வின் தொடக்கம் அந்தக் கழற்றிப் பூட்டலே. இன்றைய எஞ்சினைக் கழற்றிப் பார்த்தால் மட்டும் போதாது. அதனை ஆளும் மின்னணுக் கட்டுப்பாட்டகத்தோடு பேசவும் தெரியவேண்டும்.

குறியீட்டின் இலக்கணம்

மகிழுந்தில் வெப்பம், அழுத்தம், சுழற்சி வேகம், புகையில் எஞ்சியுள்ள ஆக்சிஜன் ஆகியவற்றை அளக்கும் சென்சார்கள் பல உள்ளன. அவை அனுப்பும் மின்குறிப்புகளைக் கட்டுப்பாட்டகம் ஒவ்வொரு நொடியும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. எதிர்பார்த்த எல்லையை அளவு மீறினால் அதனைக் குறியீடாகப் பதிவு செய்கிறது. பெரும்பாலான பழுதுகள் முதல் பயணத்தில் நிலுவைக் குறியீடாக மட்டும் பதிகின்றன. அடுத்த பயணத்திலும் அதே பழுது தென்பட்டால்தான் விளக்கு எரிகிறது. ஆசிரியையின் வண்டியில் முதல்வாரம் எரியாத விளக்கு மறுவாரம் எரிந்ததன் காரணம் இதுவே.

குறியீடு ஓர் எழுத்தும் நான்கு இலக்கங்களும் கொண்டது. முதல் எழுத்து வண்டியின் எந்தப் பிரிவு என்பதைச் சொல்லும்: எஞ்சினும் கியர்ப்பெட்டியும் ஒரு பிரிவு, பிரேக் முதலிய அடிச்சட்டகப் பகுதிகள் மற்றொன்று, காற்றுப்பை முதலிய உடற்பகுதிகள் மூன்றாவது, கட்டுப்பாட்டகங்களுக்கு இடையிலான தகவல்தொடர்பு நான்காவது. எஞ்சினுக்கும் உடற்பகுதிக்கும் உரிய ஆங்கில எழுத்துகள் இரண்டும் தமிழில் 'பி' என்றே எழுதப்படுவதால், இப்பாடத்தில் 'பி' என வருவதெல்லாம் எஞ்சினுக்குரியது எனக் கொள்க. அடுத்துள்ள இலக்கம் சுழியமானால் குறியீடு எல்லா நிறுவனங்களுக்கும் பொது; ஒன்றானால் அந்த நிறுவனத்திற்கே உரியது. மூன்றாவதாக வருவது உட்பிரிவைக் காட்டும்: 1 என்றால் எரிபொருள், காற்று அளவீடு, 3 என்றால் தீப்பொறி அமைப்பு. பி 0301 என்பது முதல் சிலிண்டரில் எரிதல் தவறுகிறது என்று சொல்லும். பி 0302 என்பது இரண்டாம் சிலிண்டரில். பி 0171 என்றால் கலவையில் பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்துள்ளது; பி 0420 என்றால் வினையூக்கி மாற்றியின் திறன் குறைந்துள்ளது.

இங்கேதான் பலரும் இடறுகின்றனர். குறியீடு நோயின் அறிகுறியைத்தான் சொல்கிறதே தவிர, மாற்றவேண்டிய உறுப்பின் பெயரைச் சொல்வதில்லை. நோயையும் நோயின் காரணத்தையும் வெவ்வேறாக ஆராயச் சொல்லும் குறளைப் படித்த மாணவருக்கு இந்த வேறுபாடு புதிதன்று. பி 0171 தோன்றியதும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றுவோர் உள்ளனர். அந்தச் சென்சாரோ உள்ளதை உள்ளபடி சொன்ன சாட்சி. காற்றுக்குழாயில் விரிசல் ஏற்பட்டுக் கணக்கில் வராத காற்று உள்ளே நுழைந்திருக்கலாம். பெட்ரோல் பம்ப்பின் அழுத்தம் குறைந்திருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய எளிய வழி ஒன்றுண்டு. எரிபொருள் திருத்தம் என்னும் அளவைக் கருவியில் பார்த்தவாறே, வண்டியை நிறுத்திய நிலையில் எஞ்சினை மெதுவாகவும் பின் நிமிடத்திற்கு 2,500 சுற்று வேகத்திலும் ஓட்டிப் பார்க்கவேண்டும். மெதுவாக ஓடும்போது 20 விழுக்காட்டுக்கு மேலிருந்த திருத்தம் வேகத்தில் சுழியத்தை நெருங்கினால் குழாயில் கசிவு இருக்க வாய்ப்பு மிகுதி. வேகம் கூடக்கூடத் திருத்தமும் ஏறினால் பெட்ரோல் போதவில்லை என ஐயுறலாம். குறியீட்டை மட்டும் படிக்கும் கருவியால் இதனைச் செய்ய இயலாது. நேரடி அளவுகளைக் காட்டும் கருவி வேண்டும்.

மலை கற்பிக்கும் இயற்பியல்

புதிய கருவி நம்பத்தக்கதா என்று சோதிக்க ஏற்காட்டுச் சாலையைவிடச் சிறந்த ஆய்வுக்கூடம் அமைவது அரிது. எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பி, உள்ளிழுப்புக் குழாய் அழுத்தம் என்னும் அளவைப் பார்த்தால், அது அவ்விடத்துக் காற்றழுத்தத்தையே காட்டும். சேலத்தில் அது ஏறக்குறைய 98 கிலோபாஸ்கல். ஏற்காட்டு ஏரிக்கரையில் ஏறக்குறைய 84 அல்லது 85. மேலேயும் 98 என்றே காட்டினால் சென்சார் பழுதாகியிருக்க வேண்டும், அல்லது கருவி பொய் சொல்கிறது. டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வோர் உறிஞ்சலிலும் சேலத்தைவிட ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைந்த காற்றையே பெறுவதும் இதிலிருந்து விளங்கும். மலைமேல் வண்டி 'இழுக்கவில்லை' என்று கூறப்படும் குறைகள் பலவற்றுக்கு எஞ்சின் பொறுப்பன்று; காற்றே பொறுப்பு.

அழுத்தம் குறைந்தால் நீரின் கொதிநிலையும் குறையும். ஏற்காட்டில் திறந்த பாத்திரத்து நீர் ஏறத்தாழ 95 டிகிரி செல்சியசிலேயே கொதித்துவிடும். நலமாக ஓடும் எஞ்சினின் குளிர்விப்பு நீர் 85 முதல் 100 டிகிரி வரை இருப்பது வழக்கம். அவ்வாறாயின் அது ஏன் கொதிப்பதில்லை? ரேடியேட்டரின் அழுத்தமூடி உள்ளே அழுத்தத்தைக் கூட்டிக் கொதிநிலையை உயர்த்தி வைத்திருக்கிறது. மலையேறி நின்றதும் அந்த மூடியைத் திறப்பவர் அழுத்தத்தை ஒரே நொடியில் விடுவிக்கிறார். உள்ளிருக்கும் நீர் கொதித்துச் சீறி எழுந்து முகத்தைச் சுட்டுவிடும். கருவியில் வெப்பநிலையைப் படித்து, எஞ்சின் முற்றிலும் ஆறும்வரை பொறுத்திருப்பதே அறிவுடைமை.

எதை வாங்குவது?

கருவியின் விலையைக் கேட்பதற்கு முன் கேட்கவேண்டிய வினாக்கள் சில உள்ளன. வண்டி எந்த ஆண்டினது? பெட்ரோலா, டீசலா? வீட்டில் செய்யவிரும்பும் வேலை எதுவரை? இவற்றுக்கு விடை தெரியாமல் வாங்கும் கருவி பெரும்பாலும் அலமாரியிலேயே தங்கிவிடும்.

மிக மலிவானது, கட்டைவிரல் அளவே உள்ள கம்பியில்லா இணைப்பி. அது வண்டியின் தகவலைத் திறன்பேசிக்கு அனுப்பும். திறன்பேசியில் உள்ள செயலி அதனைக் காட்டும். இவ்வகையின் மூலச் சில்லை உருவாக்கியது கனடாவின் எல்ம் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம்; சில்லின் பெயர் எல்ம் 327. முதற்பதிப்பில் நகலெடுப்பைத் தடுக்கும் பாதுகாப்பை அந்நிறுவனம் இயக்காமல் விட்டதால் போலிகள் பெருகின. இன்று அப்பெயரில் சில நூறு ரூபாய்க்கு விற்பவற்றுள் பெரும்பாலானவை போலிகளே. 'பதிப்பு 1.5' என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதைச் சிறப்பாகக் காட்டி விற்பார்கள். அந்த எண்ணில் மூல நிறுவனம் எதையும் வெளியிட்டதில்லை. போலியானாலும் எளிய குறியீடுகளைப் படித்துவிடும் என்பதும் உண்மையே. ஆனால் சில கட்டளைகளை ஏற்காமல் நடுவில் மௌனமாகிவிடும். சில வண்டிகளோடு பேசவே பேசாது. ஐபோன் வைத்திருப்பவர் பழைய புளூடூத் வகையை வாங்கினால் பயனில்லை. வைஃபை வகையோ, புளூடூத்தின் குறைமின் வகையோ வாங்கவேண்டும். எதுவாயினும் வேலை முடிந்ததும் கழற்றிவிடுவது நல்லது. இணைப்பியின் ஒரு துளையில் பேட்டரி மின்சாரம் எப்போதும் இருக்குமாதலால், நாள்கணக்கில் நிற்கும் வண்டியில் அது பேட்டரியைச் சிறிது சிறிதாகக் குடித்துவிடும். கடவுச்சொல் இல்லாத வைஃபை இணைப்பியோடு அருகில் நிற்கும் எவரும் இணையமுடியும் என்பதையும் மறத்தலாகாது.

அடுத்தது, தனக்கென ஒரு திரையும் கம்பியும் உடைய கைக்கருவி. விலை சில ஆயிரம். செயலி, கடவுச்சொல், பேட்டரி என்னும் தொல்லைகள் இதில் இல்லை. இணைப்பியில் செருகினால் வண்டியிலிருந்தே மின்சாரம் பெற்று இயங்கும். பழுதைப் படிப்பதோடு, பழுது பதிந்த நொடியில் எஞ்சினின் வேகம், சுமை, வெப்பம் ஆகியவை என்னவாக இருந்தன என்னும் உறைநிலைத் தகவலையும், நிலுவைக் குறியீடுகளையும் காட்டுகிறதா என்று பார்த்து வாங்கவேண்டும். விலை மலிவென்று இவ்விரண்டும் இல்லாத கருவியை வாங்குவது, நாள் எழுதப்படாத நாட்குறிப்பை வாங்குவது போன்றது.

இவ்விருவகைக் கருவிகளில் பெரும்பாலானவை எஞ்சினோடு மட்டுமே பேசும். மலையூர்க் குடும்பத்திற்கு இது பெரிய குறை. 2019 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கப்படும் புதிய மகிழுந்துகளில், பிரேக் அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்பு கட்டாயமாகியுள்ளது. அதன் சக்கரவேகச் சென்சாரில் சேறு படிந்தாலோ கம்பி அறுந்தாலோ ஏபிஎஸ் விளக்கு எரியும். வழக்கமான பிரேக் பிடிக்கும், ஆனால் மழையில் நனைந்த வளைவில் சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் காவல் இராது. மலிவான கருவியைச் செருகினால் 'பழுது இல்லை' என்றே திரை காட்டும்! எஞ்சினில் பழுதில்லை என்பதே அதன் பொருள். ஓட்டுநரோ வண்டி முழுவதும் நலம் எனக் கருதிவிடுகிறார். ஆகவே ஏபிஎஸ், காற்றுப்பை ஆகியவற்றையும் படிக்கும் கருவி, அதுவும் தம் வண்டியின் நிறுவனத்திற்கும் மாதிரிக்கும் அவற்றைப் படிக்கும் கருவி, கூடுதல் விலை கொடுத்து வாங்கத்தக்கது. பட்டியலில் அமெரிக்க, ஜெர்மானிய வண்டிகள் நூறு இருந்து, இந்தியாவில் ஓடும் மாதிரி இல்லையெனில் அந்தப் பட்டியலால் பயனொன்றுமில்லை. விற்பவரிடம் கேட்டு, கூடுமானால் தம் வண்டியில் செருகிப் பார்த்தபின் வாங்குவதே உத்தமம்.

நிலை 6 டீசல் வண்டி வைத்திருப்போருக்குத் தேவை சற்று வேறானது. அவ்வண்டிகளின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி உள்ளது. சேர்ந்த கரியை எரித்துத் தூய்மைசெய்ய வண்டி சிறிதுநேரம் நல்ல வேகத்தில் தொடர்ந்து ஓடவேண்டும். ஏரிக்கும் கடைவீதிக்கும் இடையே மட்டும் ஓடும் வண்டிக்கு அந்த வாய்ப்பு அமைவதில்லை, வடிகட்டி அடைத்துக்கொள்கிறது. கட்டளையிட்டு அதனை எரிக்கச்செய்ய, படிப்பதோடு ஆணையும் பிறப்பிக்கவல்ல இருவழிக் கருவி வேண்டும். அதன் விலை பல ஆயிரம். அவ்வேலையின்போது புகைக்குழாய் பெருவெப்பம் அடைவதால் காய்ந்த இலைச்சருகின்மேல் நின்று அதனைச் செய்வது தீவிபத்தில் முடியும். ஒரு குடும்பம் தனியே வாங்குவதைக் காட்டிலும், இவ்வேலையைப் பணிமனைக்கு விட்டுவிடுவதே சிக்கனம்.

இறங்கும்போது பார்க்கவேண்டியது

மலையிறக்கத்தில் பெட்ரோலைச் சேமிப்பதாக எண்ணி, கியரை நியூட்ரலில் வைத்தும், சிலர் எஞ்சினையே நிறுத்தியும் வண்டியை உருளவிடுகின்றனர். எஞ்சின் நின்றால் பிரேக் மிதியை எளிதாக்கும் வெற்றிட உதவி இரண்டொரு மிதிப்பில் தீர்ந்துவிடும். பின்பு மிதி கல்லாக இறுகும். சேமிப்பு என்ற கணக்கும் பிழையானது என்பதை ஸ்கேன் கருவி கண்முன்னே காட்டிவிடும். இரண்டாம் கியரில், முடுக்கியிலிருந்து காலை எடுத்துவிட்டு இறங்கும்போது, எரிபொருள் நிலை என்னும் வரியில் 'வேகத்தணிப்பால் எரிபொருள் நிறுத்தம்' என்ற பொருள்படும் செய்தி தோன்றும். சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றுவதால் கட்டுப்பாட்டகம் பெட்ரோலை அறவே நிறுத்திவிடுகிறது. நியூட்ரலுக்கு மாற்றிய மறுகணம் அச்செய்தி மறையும். எஞ்சின் தன்னை அணையாமல் வைத்துக்கொள்ளப் பெட்ரோலைக் குடிக்கத் தொடங்கும். அதாவது கியரில் இறங்குவதே சிக்கனமும் ஆகும். எஞ்சினே வண்டியைத் தடுத்துப் பிடிப்பதால் பிரேக்கும் சூடேறாது. இச்சோதனையின்போது திரையைப் பார்ப்பவர் ஓட்டுநராக இருத்தல் கூடாது. அருகில் அமர்ந்தவரே பார்த்துச் சொல்லவேண்டும்.

தேய்ந்த பிரேக் கட்டை, வழுக்கையான டயர், தளர்ந்த ஸ்டியரிங் மூட்டு ஆகியவற்றுக்கு எந்தக் குறியீடும் இல்லை என்பதையும் இங்கே சொல்லியாகவேண்டும். அவற்றைக் கண்ணாலும் கையாலும்தான் அறியமுடியும்.

அழிப்பதற்கு முன்

எல்லாக் கருவியிலும் குறியீட்டை அழிக்கும் வசதி உண்டு. விளக்கு அணைந்ததும் பழுது நீங்கியதாக மனம் அமைதி கொள்ளும். உண்மையில் அழிந்தது சான்று. குறியீட்டோடு உறைநிலைத் தகவலும், கட்டுப்பாட்டகம் நடத்தி முடித்த தன்னாய்வுகளின் பதிவும் ஒருசேர மறைந்துவிடும். பின்பு வண்டியைப் பார்க்கும் மெக்கானிக்கிற்கு ஒரு தடயமும் எஞ்சாது. பழைய வண்டி வாங்கச் செல்வோருக்கு இதுவே ஒரு துப்பாகவும் அமையும். தன்னாய்வுகளில் பல 'முடியவில்லை' என்று காட்டும் வண்டியில், விற்பவர் அண்மையில் குறியீட்டை அழித்திருக்கலாம், அல்லது பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கலாம். ஏன் என்று கேட்பது தவறன்று.

ஆசிரியை நேரடி அளவுகளையும் ஏபிஎஸ் பழுதையும் படிக்கும் கைக்கருவி ஒன்றை வாங்கினார் என்று கொள்வோம். செருகியதும் தோன்றியது பி 0302. அவர் அதனை அழிக்கவில்லை. உறைநிலைத் தகவலைத் தாளில் எழுதிக்கொண்டார்: எஞ்சின் சுமை 90 விழுக்காட்டுக்கு மேல், வண்டி வேகம் மணிக்கு 24 கிலோமீட்டர், குளிர்விப்பு நீர் 93 டிகிரி. வெப்பம் இயல்பானது, சுமை மிகும்போது மட்டும் இரண்டாம் சிலிண்டர் தவறுகிறது. அவ்வண்டியில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி இக்னிஷன் காயில் உண்டு. புதிய காயில் வாங்கும் முன், எஞ்சின் ஆறியபின் இரண்டாம் காயிலையும் நான்காம் காயிலையும் இடம் மாற்றினார். காயில் பழுதென்றால் குறியீடு பி 0304 ஆக மாறவேண்டும். குறியீட்டை அப்போதுதான் அழித்து மீண்டும் வளைவுகளில் ஏறிப்பார்க்க, நிலுவையில் தோன்றியது பி 0302 தான். காயில் குற்றமற்றது. அடுத்து இரண்டாம், நான்காம் ஸ்பார்க் பிளக்குகளை இடம் மாற்றியும் குறியீடு இடம்பெயரவில்லை. எஞ்சியவை பெட்ரோல் தெளிப்பானும் மின்கம்பியும். விளக்கொளியில் கம்பித்தொகுதியைத் தடவிப் பார்த்தபோது, இரண்டாம் காயிலுக்குச் செல்லும் கம்பியின் மேலுறையை எலி கடித்திருந்தது தெரிந்தது. உள்ளிருந்த செம்பு இழைகளில் பாதி அறுந்து, எஞ்சியவை அதிரும்போதெல்லாம் தொட்டும் தொடாமலும் இருந்தன.

ஊரிலிருந்த எலெக்ட்ரீஷியன் பேட்டரி இணைப்பைக் கழற்றிவைத்து, புதிய துண்டுக் கம்பியை ஈயப்பற்று வைத்து இணைத்து, வெப்பத்தில் சுருங்கும் உறையை அதன்மேல் இழுத்துவிட்டார். மறுவாரம் சேலத்திலிருந்து ஏறுகையில் அருகிலிருந்த மகள் திரையைப் பார்த்து வந்தாள். பன்னிரண்டாம் வளைவு கடந்தது. இருபதாம் வளைவும் கடந்தது. ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி நிலுவைப் பட்டியலைத் திறந்தபோது அது வெறுமையாக இருந்தது. எஞ்சினை அணைத்துச் சாவியை மட்டும் திருப்பினாள். அழுத்தம் 85 கிலோபாஸ்கல்.